கெடிலம் பாலம், வடக்கு முனை

காலை ஆறு முதல் இரவு எட்டு வரை.
நாள் கூலி அறுநூற்றைம்பது, டீ தனி.
பிளாஸ்டிக் நாற்காலி, கிளிப் வைத்த அட்டை,
சீவிய பென்சில் இரண்டு.
மஞ்சக்குப்பத்திலிருந்து பாலம் ஏறும் எதையும்
நான் எண்ண வேண்டும்.

படிவத்தை விளக்கினார் தேவசகாயம் சார்:
கார் என்றால் ஒன்று.
பஸ் மூன்று கார். லாரியும் அப்படியே.
பைக் அரை கார்.
சைக்கிளும் அரைதான்,
"வந்தால்" என்றார்.

நடந்து வர்றவங்க, சார்?

தாளைத் திருப்பிப் பார்த்தார்
பின்பக்கத்தில் இருக்கலாம் என்பதுபோல.
பின்பக்கம் வெள்ளை.
"ரோட்டை அகலப்படுத்த எடுக்கிற கணக்கும்மா இது."

ஆறு பத்துக்கு முதல் ஆள்.
தேவனாம்பட்டினத்துக் கன்னியம்மா.
அன்னக்கூடையின் தண்ணீர்
இடது காதோரமாகவே சொட்டியது.
அந்தப் பக்கம் சாய்த்து நடக்கப் பழகியிருந்தாள்.
காலி பஸ் ஒன்று அவளை உரசிக்கொண்டு போனது.
மூன்று என்று போட்டேன்.
"கூடை நாறுதாம்" என்றாள்
என்னிடம், பஸ்ஸைப் பார்த்து.
இவளை எங்கே போடுவது?
அச்சடித்த கட்டங்களுக்கு வெளியே,
தாளின் ஓரத்தில்
ஒரு கோடு.

அப்புறம் நிறுத்த முடியவில்லை.

அரசாங்கம் கொடுத்த நீலச் சைக்கிளில் ஒருத்தி,
கேரியரில் தங்கை, தங்கை மடியில் இரண்டு பை.
லாரியின் ஹார்னுக்கு இறங்கி
மணலில் தள்ளிக்கொண்டு போய்
மறுபடி ஏறினார்கள்.
அரை என்கிறது படிவம்.
எந்த அரை?
மிதித்த அக்காவா,
பிடித்துக்கொண்டிருந்த தங்கையா?

நடைபாதை உண்டு, பொய் சொல்லக் கூடாது.
அதில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது,
கரும்பு ஜூஸ் மெஷின் நிற்கிறது,
காதுகுத்து ஃபிளெக்ஸ் இரண்டு காலூன்றி நிற்கிறது.
சிலாப் உடைந்த பள்ளத்தில்
யாரோ செருகி வைத்த வேப்பங்கொத்து.
அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒருவர்,
புறங்கையில் பஞ்சும் பிளாஸ்டரும்,
கொத்து வரை வந்து ரோட்டில் இறங்கினார்.
திரும்ப ஏற ஒரு முழ உயரம்.
மூன்று முறை முயன்றார்.
பிறகு ரோட்டிலேயே நடந்தார்.

உச்சிவேளை. நிழல் என் நாற்காலிக்கடியில் மட்டும்.
முதுநகர் டவுன் பஸ் சாய்ந்தபடி வந்தது.
படியில் ஒன்பது பேர்,
உள்ளே எண்ண முடியாத முழங்கைகள்.
மூன்று.
பின்னாலேயே கண்ணாடி ஏற்றிய மூன்று கார், மூன்று ஆள்.
அதுவும் மூன்று.
நான் பி.எஸ்சி. புள்ளியியல்.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
கணக்கில் தப்பில்லை.
தப்பே இல்லை, அதுதான்.

நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே.
வண்டிகள் நிற்க ஓர் ஆள் ரோட்டைக் கடப்பதுபோல.
தாளில் மட்டும்தான் அப்படி நிற்கின்றன.

எட்டு மணிக்கு சார் வந்தார்,
பைக்கை நடைபாதையில் ஏற்றி நிறுத்தினார்.
செல்போன் வெளிச்சத்தில் தாளைப் புரட்டினார்.
"ஓரத்துல என்ன கிறுக்கல்?"
"ஆயிரத்து நானூத்திப் பதினாறு பேர், சார்."
கோபப்படவில்லை.
"ஜெராக்ஸ்ல ஓரம் விழாதும்மா" என்றார்,
மெஷினின் கோளாறு ஒன்றைச் சொல்வதுபோல.

என் பஸ் நிற்பது எதிர்ப்பக்கம்.
கடக்கப் பதினோரு நிமிஷம் ஆனது.
சும்மா இருக்க முடியாமல்
அதையும் எண்ணியிருக்கிறேன்.

மறுநாள் பென்சிலைச் சீவி
இரண்டு விரற்கடை உள்ளே தள்ளித் தொடங்கினேன்,
லாரி என்ற எழுத்தின் மேலேயே.
கன்னியம்மா அன்றைக்கு
ஆறு எட்டுக்கே வந்துவிட்டாள்.